நிலாவெளி – இறக்கக்கண்டிச் சுற்று: கடற்கரையால் போய் களப்புப் பக்கத்தால் திரும்பலாமா?

அடம்பன்கொடி | 22 மார்ச் 2025

அமெரிக்காவில, வாஷிங்டன் மாநிலத்தில ஒசெற் முக்கோணம் எண்டு ஒரு நடைபாதை இருக்கு. ஏரிக்கரையில இருந்து சதுப்புக்கு மேலால பலகை போட்ட பாதையில மூண்டு மைல் போல நடந்தா கடல். பிறகு கல்லுக் கடற்கரையால மூண்டு மைல். திரும்ப வேற பலகைப் பாதையால ஏரிக்கு. மொத்தம் 9.4 மைல், எங்கட கணக்கில 15 கிலோமீற்றர். திருகோணமலையில இதைப் போல ஒண்டு ஏன் இல்லை? நிலாவெளி 11ம் கட்டையில (மைல் கல்லில) தொடங்கி கடற்கரையால வடக்க இறக்கக்கண்டி, அங்க இருந்து களப்பு ஓரத்தால தெற்க திரும்பினா ஒரு சுற்று வருமெல்லே? வற்று பெருக்கு நேர அட்டவணை எங்க எடுக்கலாம்?

இறால்குழியான் | 22 மார்ச், இரவு

சுற்று வரும். பலகைப் பாதை வராது, குறிப்பலகையும் வராது. பெயரிட்ட நடைபாதை ஒன்றும் அங்கே இல்லை. கரைவலைக்காரரும் மாட்டுக்காரரும் போட்ட தடம்தான் பாதை.

அட்டவணையை விடு தம்பி. ஒசெற் பக்கம் வற்றுக்கும் பெருக்குக்கும் இடையில் கடல் மூன்று மீற்றர் வரை ஏறி இறங்கும். முனையைச் சுற்றும்போது நேரம் பிசகினால் கல்லுக்கும் அலைக்கும் நடுவில் மாட்டிக்கொள்வாய். அதனால்தான் அங்கே மண்மேட்டால் ஏறிக் கடக்க வட்டக் குறி போட்ட மாற்றுவழி வைத்திருக்கிறார்கள். இங்கே பௌர்ணமி, அமாவாசையிலும் வித்தியாசம் முக்கால் மீற்றரைத் தாண்டாது. நம்முடைய கரையில் மணிக்கூடாக இருப்பவை மூன்று: வெயில், காற்று, களப்பு கடலைத் தொடும் முகத்துவாரம்.

11ம் கட்டையிலிருந்து இறக்கக்கண்டிப் பாலம் வரை ஏறத்தாழ 4 கிலோமீற்றர். களப்பு வளைவுகளோடு திரும்பினால் முழுச் சுற்றும் 10 கிலோமீற்றருக்கு அங்கே இங்கே. தார் வீதியில் மணிக்கு நாலரை நடக்கிறவருக்கு இளமணலில் இரண்டரைதான் வரும். ஆகவே 10 கிலோமீற்றரை இரண்டு மணி நேரம் என்று போடாமல் நாலு, நாலரை என்று போடு.

இறால்குழியான் | 23 மார்ச்

எந்தப் பக்கத்தால் தொடங்குவது என்பதை நேற்று விட்டுவிட்டேன். கடற்கரை முதல். ஆறு மணிக்குக் கிட்டச் சூரியன் கடலுக்குள்ளிருந்து வரும், வடக்கே போகும்போது வலது கைப் பக்கம். தொப்பியின் விளிம்பை வலப் பக்கம் இறக்கிவிட்டால் போதும். நடக்க வேண்டியது அலை தொட்டுப் போகிற ஈர மணலில். அதிலும் அலை இப்போதுதான் விட்டுப் போன பளபளப்பான பட்டை வேண்டாம், அதற்கு ஒரு முழம் மேலே மங்கலாக இருக்கிற பட்டைதான் கெட்டி. கரை சரிவாக இருக்கிற இடத்தில் ஒரே பக்கமாக நடந்தால் முழங்காலும் இடுப்பும் பிடிக்கும். அரை மணிக்கொருக்கால் மேலே ஏறி அடம்பன் கொடி படர்ந்த மட்டத்தில் நூறு அடி நடந்து காலைச் சமப்படுத்து.

மேலே ஏறும்போது இராவணன் மீசையைப் பார். அந்தப் புல்லின் நுனி ஊசி மாதிரி, கன்வஸ் சப்பாத்துக்குள்ளாலும் ஏறும்.

கட்டைபறிச்சான் | 23 மார்ச்

வற்றுக்குப் புறாத்தீவுக்கு நடந்து போகலாமோ? 😀

இறால்குழியான் | 23 மார்ச்

ஒரு கிலோமீற்றர் கடல் நடுவில் கிடக்கிறது. முக்கால் மீற்றர் வற்றுக்கு அது வழி விடாது. அதோடு அது 1963 இல் சரணாலயமாகி 2003 இல் தேசியப் பூங்காவானது. போட்டில் போய், சீட்டு எடுத்து இறங்கு. மாடப்புறா பார்க்கப் போகிறாயா, மீன் பார்க்கப் போகிறாயா என்று முதலில் முடிவு செய்.

இறால்குழியான் | 30 மார்ச்

கரைவலை. ஒருவரும் கேட்கவில்லை, நானே எழுதுகிறேன், ஏனென்றால் இந்தக் கரையில் அலையை விடக் காலை இழுப்பது கயிறுதான்.

கடல் அடங்கிய மாதங்களில் வலை வளைப்பது அதிகம். இரண்டு கயிறு கடலிலிருந்து மணலுக்கு ஏறும், இரண்டுக்கும் இடையில் சில நூறு மீற்றர் இருக்கலாம். தளர்வாகக் கிடக்கும் கயிறு ஒரு நொடியில் முழங்கால் உயரத்துக்கு விறைக்கும். ஆட்கள் இழுத்தால் குரலிலிருந்து தெரியும், உழவு இயந்திரத்தால் இழுத்தால் சத்தம் மட்டும் கேட்கும், கயிறு எப்போது விறைக்கும் என்று தெரியாது. விறைத்த கயிற்றைத் தாண்டாதே, குனிந்தும் போகாதே. இழுக்கிறவர்களுக்கும் இயந்திரத்துக்கும் பின்னால், மீனவர் வாடிப் பக்கமாகச் சுற்று. கயிறு அறுந்தால் அது அடிக்கிறது கயிற்றின் நேர்கோட்டில், ஆகவே அந்தக் கோட்டில் நின்று படம் எடுக்கவும் வேண்டாம். இருநூறு அடி சுற்ற ஐந்து நிமிடம் கூட ஆகாது. மீன் சேரும் வலையின் மடி கரைக்கு வரும் நேரமென்றால் நின்று பார்க்கலாம், மீன் மலிவாகவும் கிடைக்கும். ஆனால் பத்து கிலோமீற்றருக்கு மீனைச் சுமப்பது யார்?

இறால்குழியான் | 5 ஏப்ரல்

முகத்துவாரம் பற்றித் தனிச்செய்தியில் மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். பொதுவில் எழுதுகிறேன்.

இறக்கக்கண்டியில் களப்பு கடலைத் தொடும் இடம் ஒவ்வொரு வருடமும் ஒரே மாதிரி இராது. வாடை மழை முடிந்த கையோடு வெட்டிக்கொண்டு ஓடும். வெயில் ஏற ஏற மணல் திட்டு வளர்ந்து ஒடுங்கும். ஒடுங்கிய மாதத்தில் பார்த்தால் பத்துப் பதினைந்து அடி அகலத் தண்ணீர், முழங்கால் ஆழம் போலத் தெரியும். "நடந்தே கடக்கலாம்" என்று எல்லாருக்கும் தோன்றும் இடம் இதுதான்.

கடக்க வேண்டுமென்றால் முறை இது. ஐந்தடிக் கம்பு ஒன்று. அகலமான இடத்தைத் தேடு; ஒடுங்கிய இடம் ஆழமான இடம். முதுகுப்பையின் இடுப்புப் பட்டியையும் மார்புப் பட்டியையும் கழற்றி விடு. ஓட்டம் வரும் பக்கம் முகத்தை வை, கம்பை முன்னால் ஊன்று, பக்கவாட்டில் அடி வை. கம்பு, இடது கால், வலது கால் என்ற மூன்றில் எந்த நேரமும் இரண்டு நிலத்தில் இருக்க வேண்டும். முழங்கால் வரை சரி. தொடையில் தண்ணீர் தள்ளத் தொடங்கினால் அதே முகத்தோடு பின்னால் வா, நடுவில் திரும்பிப் பார்க்காதே. செருப்பைக் கழற்றாதே, அடியில் சிப்பி ஓடு கிடக்கும்.

களப்புக்குள் கால் வைக்கும்போது தூக்கி வைக்காமல் தரையோடு தேய்த்துக்கொண்டு போ. மணலில் புதைந்து கிடக்கும் திருக்கை தேய்ப்பு உணர்ந்து விலகும், மிதித்தால்தான் குத்தும்.

இறால்குழியான் | 6 ஏப்ரல்

நேற்று எழுதியதை ராத்திரி யோசித்தேன். அந்தக் குறிப்பின் முதல் வரி இப்படி இருந்திருக்க வேண்டும்: பாலம் இருக்கிறது, பாலத்தால் போ. முகத்துவாரத்திலிருந்து மேற்கே கொஞ்சம் நடந்தால் புல்மோட்டை வீதிப் பாலம். இந்தச் சுற்றில் களப்பின் வடகரைக்குப் போகவே தேவையில்லை. பாலத்தடியில் தெற்குப் பக்கமாகவே திரும்பலாம். தேவையில்லாத கடப்பு ஒன்றுக்கு நான் இத்தனை விரிவாக முறை சொன்னது, கிணறு இருக்கிற வளவுக்குள் ஆற்றில் குளிக்கப் பழக்கிய கதை.

இன்னொன்று. மார்ச் 22 இல் வற்று பெருக்கு பொருட்டில்லை என்று எழுதினேன். ஆழத்துக்குப் பொருட்டில்லை. ஓட்டத்துக்குப் பொருட்டு. அரை மீற்றர் பெருக்கு என்றாலும் பெரிய களப்பு முழுதும் ஏறிய தண்ணீர் அந்தப் பதினைந்து அடியால்தான் வெளியே போக வேண்டும். வற்று ஓடும்போது வெளியிலிருந்து வரும் அலை அதன் மேல் உடைந்தால் கால் நிற்காது, போகிற திசை கடல். கடந்தே ஆக வேண்டியவர் ஓட்டம் நிற்கிற சிறு இடைவேளைக்குக் காத்திருக்க வேண்டும். ஒரு காய்ந்த குச்சியைப் போட்டுப் பார்த்தால் தெரியும்.

சாம்பல்தீவு அக்கா | 6 ஏப்ரல்

உப்புவெளியில இருந்து தொடங்குறவைக்கும் இதைச் சொல்லுங்கோ. சாம்பல்தீவில ஒரு கடப்பு வருது. அங்கயும் பாலம் இருக்கு.

இறால்குழியான் | 6 ஏப்ரல்

ஓம் அக்கா. அங்கேயும் அதே சட்டம்.

இறால்குழியான் | 19 ஏப்ரல்

களப்புப் பக்கம். இந்தச் சுற்றில் ஆட்கள் களைப்பதும் வழி தவறுவதும் இங்கேதான், கடற்கரையில் இல்லை.

நிலம் வாசிப்பது. வெள்ளை உப்புப் பொருக்கு படிந்து பலகோணமாக வெடித்துக் கிடந்தால் கெட்டி. உமரிச் செடி நெருக்கமாக நின்றால் வேர் பிடித்த நிலம், தாங்கும். செடியில்லாமல், வெடிப்பில்லாமல், கண்ணாடி மாதிரி மினுங்கினால் மேலே இரண்டு விரல் பொருக்கு, கீழே கறுப்புக் கூழ். சந்தேகம் வந்தால் மாட்டுத்தடத்தைப் பார். குளம்பு இரண்டு விரலுக்குப் பதிந்திருந்தால் உனக்கும் தாங்கும். குளம்புக்கு மேலே கணுவரை குழி விழுந்திருந்தால் மாடு ஒருக்கால் போய்ப் படித்த பாடம் அது, நீ இன்னொருக்கால் படிக்க வேண்டாம்.

புதைந்தால் இழுக்காதே. நேராக இழுக்க இழுக்கச் சேறு அடியில் உறிஞ்சிப் பிடிக்கும், சப்பாத்து உள்ளே நிற்கும், கால் மட்டும் வரும். குதிக்காலை முதலில் இடம் வலமாக ஆட்டிக் காற்றை உள்ளே விட்டு, பிறகு குதியை உயர்த்தி, கடைசியாக விரல். இரண்டு காலும் புதைந்தால் பையைக் கழற்றி முன்னால் போட்டு அதன் மேல் கை ஊன்று.

கண்ணா மரத்தடியில் மண்ணுக்கு மேலே பென்சில் பென்சிலாக நிற்பது அதன் மூச்சு வேர். றபர் செருப்பை ஊடுருவும். கண்டல் வளைவேர் மேல் ஏறி நடந்தால் வேரும் முறியும், வழுக்கியும் விழுவாய். இரண்டையும் சுற்றிப் போ.

தில்லை. களப்போரத்தில் இலை பழுத்துச் சிவந்து நிற்கிற மரத்தைக் கண்டால் கிளையை ஒடித்து வழி எடுக்காதே. ஒடித்த இடத்தில் வெள்ளைப் பால் வரும். தோலில் பட்டால் கொப்புளம், கண்ணில் பட்டால் சில நாளுக்குப் பார்வையே மங்கும். கையில் பட்ட பாலோடு நெற்றி வியர்வையைத் துடைப்பதில்தான் கண்ணுக்குப் போகிறது. பட்டால் தேய்க்காமல் நல்ல தண்ணீரால் பதினைந்து, இருபது நிமிடம் ஊற்றி ஊற்றிக் கழுவி, நேரே ஆஸ்பத்திரி. விறகாகவும் மூட்டாதே, புகையும் கண்ணைக் கெடுக்கும். கம்பு வேண்டுமென்றால் வீட்டிலிருந்து கொண்டு வா.

உப்பள வரம்பு நேராகத் தெரிகிறது என்று ஏறாதே. அது ஒருவருடைய தொழிற்சாலைத் தரை. வரம்பு உடைந்தால் பாத்தி முழுதும் கலங்கும். காவலாளியிடம் கேட்டுப் போகலாம், இல்லையென்றால் வீதி.

முதலை உண்டா என்ற கேள்வி வரும் என்று தெரியும். களப்பு என்றால் உண்டு என்று வைத்தே நட. விளிம்பிலிருந்து ஐந்து மீற்றர் தள்ளி. சேற்றுக் காலைக் களப்பில் கழுவாதே, குனிந்திருக்கிற ஆள்தான் அதற்கு அளவு. ஒரு போத்தல் தண்ணீரை இதற்கென்று வை.

அடம்பன்கொடி | 20 ஏப்ரல்

கல்லுக் கரை எங்க அண்ணா? ஒசெற்றில அதுதானே விசேஷம். நிலாவெளியில முழுக்க மணல்.

இறால்குழியான் | 20 ஏப்ரல்

கல் வேண்டுமென்றால் குச்சவெளி. திருகோணமலையிலிருந்து வீதியால் 34 கிலோமீற்றர், புல்மோட்டை பஸ். கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் பாறை முனை, மேலே பழைய விகாரை எச்சமும் சமஸ்கிருதக் கல்வெட்டும். இதைச் சுற்றோடு ஒட்டாதே, இன்னொரு நாளாக வை. இரண்டையும் ஒரே நாளில் கடற்கரையால் இணைக்கப் பார்ப்பது வெயிலில் செய்யும் தற்பெருமை.

பாறையில் நடப்பதற்கு நிறம்தான் பாடம். மேலே காய்ந்த சாம்பல் நிறம், எங்கும் மிதிக்கலாம். அதற்குக் கீழே அலைத்துமி படும் உயரத்தில் ஒரு கறுப்புப் பட்டை. பார்த்தால் தார் பூசியது போல இருக்கும், உண்மையில் அது மெல்லிய பாசி. காய்ந்திருந்தால் சிமெந்துத் தரை, நனைந்தால் சவர்க்காரம். பெரும்பாலானோர் விழுவது இந்தப் பட்டையில்தான், ஏனென்றால் பச்சையாக இல்லாததால் பாசி என்று நினைப்பதில்லை. அதற்கும் கீழே கொட்டலசும் (கல்லில் ஒட்டி வாழும் ஓட்டுயிர்) சிப்பியும் ஒட்டிய பட்டை. சப்பாத்துக்கு நல்ல பிடி, உள்ளங்கைக்குக் கத்தி. வழுக்கும்போது கை அங்கேதான் போகும், ஆகவே தோட்டக் கையுறை ஒரு சோடி கொண்டு போ. கடைசியாகப் பச்சை. அங்கே உனக்கு வேலையில்லை.

இறங்க முன் பத்து நிமிடம் நின்று பார். அலை ஒரே அளவில் வருவதில்லை, சின்னதாகப் பல வந்து பெரிசாகச் சில வரும். பாறையில் ஈரம் எந்த உயரம் வரை ஏறியிருக்கிறதோ அதற்கு மேலேதான் நிற்கும் இடம். ஈரத்துக்குள் நின்று கடலுக்கு முதுகு காட்டாதே.

இறால்குழியான் | 4 மே

கொண்டு போக வேண்டியது. ஆளுக்கு 4 லீற்றர் தண்ணீர், வழியில் கடை கிடைக்கும் என்று கணக்குப் போடாதே. ஜீவனி (தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்புச் சர்க்கரைத் தூள்) இரண்டு பைக்கற். தேசிக்காய், உப்பு. பாணை விடப் புட்டுப் பொதி வெயிலில் சீக்கிரம் புளிக்கும், பருப்பு வடை தாங்கும். நீளக்கைச் சட்டை. குதிப் பட்டி உள்ள பழைய சப்பாத்து, புதியது வேண்டாம், உப்புச் சேறு கண்ட சப்பாத்து திரும்ப வீட்டுக்குள் வராது. வினாகிரி ஒரு சின்னப் போத்தல், சொறிமுட்டை (ஜெலிமீன்) சுட்டால் ஊற்ற. போனுக்குத் தண்ணீர் புகாத பை. அவசரத்துக்கு 1990, சுவசெரிய அம்புலன்ஸ், காசில்லை. அழைக்கும்போது இடப்பெயரை விடப் பக்கத்துக் கட்டையைச் சொன்னால் சாரதிக்கு உடனே விளங்கும்.

இறால்குழியான் | 11 மே

வினாகிரி பற்றித் திருத்தம். சொறிமுட்டை எல்லாவற்றுக்கும் அது மருந்தில்லை. கரையில் நீலக் காற்றுப்பை மாதிரி ஒதுங்குவது வேறு சாதி, அதற்கு வினாகிரியை நம்பாதே. இரண்டுக்கும் பொதுவானது: கடல் தண்ணீரால் அலசு, நல்ல தண்ணீர் வேண்டாம், மணல் போட்டுத் தேய்க்காதே, ஒட்டிய நூலை அட்டையாலோ கையுறையாலோ எடு. பிறகு தாங்கக்கூடிய சூட்டில், 45 பாகை அளவில், வெந்நீர். செத்து மணலில் காய்ந்து கிடப்பதும் சுடும்.

திருக்கை முள்ளுக்கும் கல்மீனுக்கும் அதே வெந்நீர்தான், அரை மணியிலிருந்து ஒன்றரை மணி வரை காலை அமிழ்த்து வை. சூட்டைக் குத்துப்படாத காலால் முதலில் சோதி, வலியில் சூடு தெரியாது. முள் ஆழமாக ஏறியிருந்தால் நீயே பிடுங்காமல் ஆஸ்பத்திரிக்கு.

இறால்குழியான் | 15 ஜூன்

கச்சான் காற்றுத் தொடங்கிவிட்டது. மார்ச் 23 இல் "கடற்கரை முதல்" என்று எழுதியதை இந்த மாதங்களுக்கு மட்டும் திருப்பிப் போடுங்கள் என்று சொல்ல வந்தேன், பாதியில் மனம் மாறிவிட்டது. இரண்டு பக்கக் கணக்கையும் வைக்கிறேன்.

ஏப்ரலில் பத்து மணிக்குப் பிறகு கடற்காற்று கரைக்கு ஏறும். அப்போது களப்பை வெள்ளனவே முடித்து, வெயிலைக் கடற்கரையில் சந்திப்பதே நல்லது. நான் எழுதியது அந்த மாதத்துக்குப் பிழை. ஆனால் விடியமுன் இருட்டில் களப்போரத்துக்குள் இறங்கக் கூடாது, மினுங்கும் சேறும் தெரியாது, முதலையும் தெரியாது. நிலம் தெளிவாகத் தெரிந்த பிறகே.

ஜூன், ஜூலை, ஓகஸ்டில் தரையிலிருந்து கடலுக்கு வீசும் கச்சான், சூடும் புழுதியுமாக. கடற்காற்றை அது அமுக்கிவிடும், கடற்கரையில் பிந்தி நடந்து லாபமில்லை. களப்புப் பக்கத்தில் அதே காற்று உப்புப் பொருக்கைக் கிளப்பிக் கண்ணில் போடும், அது பலப்பது முற்பகல் ஏறிய பிறகு. ஆகவே இந்த மாதங்களிலும் களப்பு முதல். எப்படிப் பார்த்தாலும் மார்ச்சில் நான் சொன்னது தோற்றுவிட்டது. இன்னொன்று, தரைக்காற்றில் கடல் கரையோரம் எண்ணெய் மாதிரிக் கிடக்கும். குளிக்க ஆசை வரும். மிதக்கிற எதையும், ரயர் ரியூப் உட்பட, அந்தக் காற்று வெளியே கொண்டு போகும்.

கட்டைபறிச்சான் | 15 ஜூன்

அப்ப நவம்பர்?

இறால்குழியான் | 15 ஜூன்

வீட்டில் இரு. ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை மழை, களப்பு வழி தண்ணீருக்குள். முகத்துவாரமும் திறந்து ஓடும்.

இறால்குழியான் | 6 ஜூலை

ஜீவனி பற்றி ஒருவர் எழுதியிருந்தார், ஒரு பைக்கற்றை அரை லீற்றர் போத்தலில் கரைத்தால் சுமை குறையுமே என்று. கூடாது. ஒரு பைக்கற்றுக்கு ஒரு லீற்றர். அடர்த்தியாகக் குடித்தால் தாகம் கூடும், வயிறும் போகும். அரை லீற்றர் போத்தல்தான் இருக்கிறதென்றால் வீட்டிலேயே ஒரு லீற்றரில் கரைத்து இரண்டு போத்தலில் ஊற்றிக் கொண்டு போங்கள். கரைத்ததை அடுத்த நாளைக்கு வைக்க வேண்டாம்.